செம்மண்ணில் பதினோரு கோசு

ஆகஸ்ட் 3

இன்று ஆடிப் பதினெட்டு. கொல்லையில் விதை போட்டேன். அவரை ஆறு குழி, புடலை நாலு குழி. முட்டைக்கோசு விதையை மட்டும் ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டியில் எருவும் மண்ணும் கலந்து தூவினேன். அது கடுகு மாதிரியே இருக்கிறது. தாளிக்கிற சாமானைக் கொண்டுபோய்ப் புதைக்கிறோமோ என்று ஒரு நிமிடம் சந்தேகமே வந்துவிட்டது.

பாக்கெட்டில் "25 நாளில் பிடுங்கி நடவும்" என்று போட்டிருக்கிறது. ஐந்தாவதுவரை படித்திருக்கிறேன், எண்ணத் தெரியும். ஆனால் தை மாதத்திலிருந்து எனக்கு நாள் நிற்பதில்லை. செவ்வாய் என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை எழுந்திருக்கிறேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

வருகிற தையில் என் வீட்டுக்காரருக்குத் தலைத் திவசம். அன்றைக்கு அவர் இலையில் நான் விதை போட்டு வளர்த்த கோசு இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆகஸ்ட் 5

அவருடைய அண்ணன் அடைக்கலம் மாமா வந்தார். எங்களுக்குப் பிள்ளை என்று ஒரே மகள்தான். அதனால் அவர் காரியம் எல்லாம் மாமாதான் செய்தார், திவசமும் அவர்தான் செய்ய வேண்டும். நாற்பது வருடமாகக் கடலையும் மிளகாயும் போடுகிறவர். எந்த விதையானாலும் பதினெட்டாம் பெருக்குக்குப் போட்டுவிடு என்று சொன்னவரும் அவர்தான். சட்டியில் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"நம்ம செம்மண்ணுல கோசு வெளையுமுன்னா ஊட்டிக்காரன் எதுக்கு லாரி லாரியா அனுப்புறான்?" என்றார்.

நான் மோர் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8

முளைத்துவிட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. பதினேழு எண்ணினேன். சாப்பிட்ட பிறகு போய் மறுபடி எண்ணினேன். பதினேழுதான்.

ஆகஸ்ட் 29

ஒரு நாள் பிந்திவிட்டது. பிடுங்கி நட்டேன். செடிக்குச் செடி இரண்டு சாண். வெயில் தாங்க ஒவ்வொன்றுக்கும் தென்னங்கீற்றை ஒடித்துக் குத்தினேன். பக்கத்து வீட்டுச் சவரியம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "பதினேழு புள்ளைக்கும் குடை புடிக்கிறியா?" என்றது. அது மாடு வைத்திருக்கிறது. எரு அதனிடம் வாங்குவதுதான்.

செப்டம்பர் 16

செடி நன்றாக இருக்கிறது. இலை யானைக் காது அளவு விரிகிறது. ஆனால் மடங்க மாட்டேன் என்கிறது.

தலைமுடியைக் கட்டுவது மாதிரி வாழைநாரால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். கட்டிப்போட்டால் பழகும் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 22

கட்டினது தப்பு. உள்ளே காற்றுப் போகாமல் அழுகி, புழுவும் வைத்துவிட்டது. அவிழ்த்ததும் வந்த நாற்றத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அந்த நாற்றம் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் நான் முப்பத்தோரு வருடமாக

அதை இப்போது எழுத வேண்டாம்.

செப்டம்பர் 24

ஆலங்குடிக்குப் போய் விதைக் கடையில் கேட்டேன். கடையில் ஒரு பெண் இருந்தது, வளர்மதி வயது இருக்கும். (வளர்மதி என் மகள். காரைக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது.) எப்போது போட்டீர்கள் என்று கேட்டது. ஆடிப் பதினெட்டுக்கு என்றேன். அது வாயைப் பொத்திக்கொண்டது. நான் கோபப்படவில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

"அம்மா, கோசுக்கு ஆடியும் தெரியாது அமாவாசையும் தெரியாது. அதுக்கு ராவுல குளிரணும். இப்ப போடுங்க, மார்கழிப் பனியில தன்னால உருண்டை கட்டும்."

வெயில் தாங்குகிற ரகம் என்று வேறு விதை கொடுத்தது. திவசத்துக்குள் வருமா என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, "ஒரு நாள் தள்ளாம பாத்தீங்கன்னா வரும்" என்றது.

செப்டம்பர் 25

பதினேழையும் பிடுங்கி எறிந்தேன். புது விதை போட்டேன். பிடுங்கியதைச் சவரியம்மா வந்து மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போனது. மாடு ஆவலாகத் தின்றது. "ஏற்கெனவே தின்னு பழகுன வாயி" என்று சொல்லிவிட்டு, சவரியம்மா என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

செப்டம்பர் 30

முளைத்தது. பதினான்கு.

அக்டோபர் 20

தீபாவளி. நமக்கு இந்த வருடம் இல்லை. அடுப்பில் எண்ணெய் வைக்கவில்லை. ஊரெல்லாம் வெடிச் சத்தம். நாற்றுப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன், அதுகள் பயந்துவிடும் என்றா? இல்லை, சும்மாதான்.

அக்டோபர் 22

நட்டாயிற்று. இந்தப் பாக்கெட்டில் 27 நாள் என்று போட்டிருந்தது, இந்தத் தடவை ஒரு நாளும் பிந்தவில்லை. மழை வரப்போகிறது என்று பாத்தியை ஒரு முழம் உயர்த்தி இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டினேன். மண்வெட்டி அவருடையது. கொத்தனார் வேலைக்குச் சிமெண்டு குழைத்தது, காம்பெல்லாம் வெள்ளை. என் உயரத்துக்குக் காம்பு நீளம். அறுத்துக்கொள் என்றார் மாமா. அறுக்கவில்லை. அப்படியே பழகிக்கொண்டேன்.

நவம்பர் 4

மழை.

நவம்பர் 5

மழை. வாய்க்கால் ஓடுகிறது. ஊரில் எல்லாக் கொல்லையிலும் தண்ணீர் நிற்கிறது, என் பாத்தியில் நிற்கவில்லை.

நவம்பர் 12

வளர்மதி போனில் பேசினாள். மூன்று செடி போய்விட்டது, பதினொன்று இருக்கிறது என்றேன். "எதுக்கும்மா மழையில கெடந்து சாகுற? கடையில ஒண்ணு வாங்கி வச்சா ஆகாதா?" என்றாள்.

ஆகாது என்றேன். ஏன் என்றாள். அடுப்பில் பால் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவளிடம் சொல்லாததை இதில் எழுதுகிறேன். அவருக்குக் கோசு என்றால் உயிர். எனக்கு அந்த வாடையே ஆகாது. கல்யாணமாகி வந்த மாதமே, அது என் அடுப்பில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. புதுக்கோட்டையில் வேலை நடக்கிற நாளில் மெஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். வாசலில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். பல்லைத் தேய்த்துவிட்டு வாருங்கள் என்பேன். தேய்த்துவிட்டு வருவார்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒரு கோசு வாங்கிக்கொண்டு வந்து அடுக்களை மூலையில் பேசாமல் வைப்பார். நான் ஒரு நாளும் ஆக்கினதில்லை. கடையில் வாங்கி வைக்கிறதை அவரே செய்துவிட்டாரே. நான் செய்ய மீதி என்ன இருக்கிறது? வளர்க்கிறதுதான் இருக்கிறது.

நவம்பர் 19

காலையில் புழு பொறுக்கினேன். பச்சையாக, இலை நரம்போடு நரம்பாகப் படுத்துக்கொள்கிறது. முதலில் குச்சியால் தள்ளினேன், இப்போது விரலால் எடுக்கிறேன். நாற்பத்தாறு. இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்துக் கரைத்துத் தெளித்தேன். கண் எரிந்து தண்ணீராக வந்தது. வந்தபடியே இருந்தது, வெகுநேரம். மிளகாய் காரம்.

டிசம்பர் 9

நடுவில் இரண்டு இலை ஒன்றை ஒன்று பார்த்துக் குனிந்திருக்கிறது. மூன்றாவது செடியில். தொடவில்லை.

டிசம்பர் 13

ஐந்து செடியில் மடங்கிவிட்டது. உள்ளே எலுமிச்சம்பழம் அளவு உருண்டை. சவரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது சிலுவை போட்டுக்கொண்டது.

டிசம்பர் 24

பதினொன்றும் கட்டிவிட்டது. பெரியது தேங்காய் அளவு. விடியலில் ஒவ்வொரு இலையிலும் பனி முத்து முத்தாக நிற்கிறது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள். ஊட்டியிலிருந்து நாற்று வாங்கினாயா என்று ஒருத்தி கேட்டாள். "வெதை போட்டேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

டிசம்பர் 31

டைரி முடிந்துவிட்டது. இது அவருக்குச் சிமெண்டுக் கடையில் போன வருடம் கொடுத்தது. ஜனவரிப் பக்கங்களில் அவர் எழுதியிருக்கிறார், இத்தனை மூட்டை, இத்தனை ஆள் என்று, எழுதும்போது பார்த்திருக்கிறேன். நான் ஆகஸ்டில்தான் பிரித்தேன், முன்பக்கம் போனதில்லை. புதிதாக ஒரு நோட்டு வாங்கலாம். ஆனால் அவர் பக்கத்துக்கு நாலு வரிதான் எழுதுவார். கீழே இடம் நிறைய இருக்கிறது. அன்றன்றைக்கு அந்தந்தப் பக்கத்தை மட்டும் திறந்து எழுதுவேன்.

ஜனவரி 1

அவர் எழுத்து மேலே. என் எழுத்து கீழே. கோசுக்குத் தண்ணீர் விட்டேன்.

ஜனவரி 11

மாமா வந்தார். திதி பதினேழாம் தேதி வருகிறது, அமாவாசைக்கு முந்தின நாள். என்ன காய் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாழைக்காய், சேனை, பாகல். அவரையும் புடலையும் கொல்லையில் இருக்கிறது என்றேன். கோசும் இருக்கிறது என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திதிக்கு நாட்டுக் காய்தான், கோசு, கேரட், பீன்சு எதுவும் இலைக்கு ஆகாது, இது தெரியாதா என்றார். எனக்குத் தெரியாது. எங்கள் அப்பா வீட்டில் செத்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பார்கள், சுருட்டுகூட வைப்பார்கள்.

"இது இந்தக் கொல்லையில வெளஞ்சது மாமா. நாட்டு மண்ணு, நாட்டுத் தண்ணி" என்றேன்.

"நம்ம கொல்லையில ஒரு வெள்ளக்காரன் பொறந்துட்டா அவன் நமக்குப் பங்காளியா?"

சவரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதம். அவர் கொல்லைப் பக்கம் போய்ப் பார்க்கவும் இல்லை. எழுந்து போய்விட்டார்.

ஜனவரி 12

வளர்மதி போனில் அழுகிறாள். சண்டை வேண்டாம், பெரியப்பா கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால் அப்பாவுக்கு எள்ளுத் தண்ணீர் இறைக்க ஆள் இல்லை என்கிறாள். நியாயம்தான். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 17

திவசம் நடந்தது. ஐயர் வந்தார். வாழைக்காய், சேனை, பாகல், அவரை, புடலை. மாமா ஒரு குறை வைக்கவில்லை. வடையும் பாயசமும் செய்தோம். காக்கா வந்தது. வந்தவர்கள் எல்லாரும் திருப்தி என்றார்கள். எல்லாருக்கும் நடந்தது. எனக்கு நடக்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு இதை எழுத எடுத்தேன். இன்றைக்கு விரல் சொன்னபடி கேட்கவில்லை, பக்கங்கள் சேர்ந்து புரண்டுவிட்டன. இருபத்தேழாம் தேதியில் அவர் எழுதியிருக்கிறார். மறுபக்கம் இருபத்தெட்டு. அதில் ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருக்கிறது.

திதிப்படி பதினேழு. ஆனால் என் வீட்டுக்காரர் போனது இருபத்தெட்டாம் தேதி. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சாரத்தில் நிற்கும்போது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர். ஐயருக்கும் மாமாவுக்கும் திதி. எனக்கு இருபத்தெட்டுதான்.

ஜனவரி 18

மாமா தன் வீட்டுப் பித்தளை அண்டாவை எடுக்க வந்தார். நேராகச் சொன்னேன்.

"ஒங்க தேதியில ஒங்க காய வச்சோம் மாமா. என் தேதியில என் காய வைக்கப்போறேன்."

"ரெண்டு தரம் திவசம் குடுப்பாகளா எங்கயாச்சும்?"

"திவசம் இல்ல. சோறு."

அண்டாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 19

பெரிய கோசு வெடித்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் நடுவில் கத்தி வைத்த மாதிரி பிளந்திருக்கிறது. முற்றினதைச் செடியிலேயே விட்டால் இப்படி ஆகும் போலிருக்கிறது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அறுத்து வைக்கலாம், ஆனால் ஒன்பது நாள் வாடின கோசை அவருக்குப் போட மாட்டேன். போடுவதானால் அன்றைக்குக் காலையில் அறுத்தது.

வெடித்ததைச் சவரியம்மாவிடம் கேட்டுக்கேட்டு ஆக்கினேன். முதல் தடவை. கடலைப்பருப்பு, தேங்காய். மூடி போட்டு வேகவைத்தால்தான் அந்த வாடை வருமாம், திறந்து வைத்தால் வராதாம். முப்பத்தோரு வருடமாக ஒரு மூடிதான் குறுக்கே நின்றிருக்கிறது. சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது. பாதி சோற்றில் எழுந்துவிட்டேன், வயிறு நிறைந்துவிட்டது.

ஜனவரி 20

இன்னும் இரண்டு வெடித்தது. அதே அளவு இருக்கிற கடைசிச் செடி மட்டும் வெடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். பெருச்சாளி அதன் ஒரு பக்கம் பறித்து வேரைக் கடித்திருக்கிறது. வேர் பாதி போனதால் தண்ணீர் குடிப்பது குறைந்து அப்படியே நிற்கிறது. இதுதான் என்று புரிந்தது. மீதி ஏழு செடிக்கும் ஒரு பக்கமாக மண்வெட்டியை இறக்கி வேரைப் பாதி அறுத்தேன். தண்ணீரை நிறுத்தினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜனவரி 22

ஒன்றும் வெடிக்கவில்லை.

ஜனவரி 24

எட்டும் நிற்கிறது. எட்டும்.

ஜனவரி 26

இந்தப் பக்கத்தைத் திறந்தால் மேலே அவர் எழுத்து: "ஞாயிறு. குடியரசு தினம். வேலை இல்லை. கோசு 1 வாங்கினேன். பூமயில் மாட்டுக்குப் போட்டாள். மாட்டுக்குக் கொடுப்பினை."

பூமயில் நான்தான்.

அன்றைக்கு அவர் மூலையில் வைத்ததை நான் எடுத்துக்கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் சவரியம்மா மாட்டுக்குப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அப்புறம் ஒரு நாள்தான் இருந்தார்.

இதைப் படித்து அழுதேன் என்று எழுத மாட்டேன். சிரிப்புத்தான் வந்தது. பிறகு கொல்லைக்குப் போய்ப் புழு பொறுக்கினேன். உச்சி வெயில் வரைக்கும் பொறுக்கினேன். புழு நாலுதான் இருந்தது.

ஜனவரி 28

விடிந்ததும் கடைசிச் செடிக் கோசை அறுத்தேன். கத்தி வைத்ததும் கரும்பு ஒடிகிற சத்தம். சவரியம்மா வீட்டுத் தராசில் ஒன்றே கால் கிலோ நின்றது. சோறு வடித்து, மூடாமல் பொரியல் ஆக்கினேன். தலைவாழை இலை போட்டு, அவர் படத்துக்கு முன்னால் சோறும் கோசும் மட்டும் வைத்தேன். வேறு எதுவும் வைக்கவில்லை. அவருக்கு அது போதும். மந்திரம் எனக்குத் தெரியாது. "சாப்பிடுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் செருப்புச் சத்தம். மாமா. உள்ளே வராமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பாத்தி ஓரத்தில் குந்தி ஒவ்வொரு கோசாகப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு செடியடியில் மண்ணைக் கிளறி, அறுபட்ட வேரைப் பார்த்தார். யார் அறுத்தது என்றார். நான்தான் என்றேன். யார் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். நாற்பது வருடம் வெள்ளாமை செய்தவர், அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து தம்பி படத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. இலை போட்டேன். சாப்பிட்டார். முதல் பிடியிலேயே மெதுவாகிவிட்டார்.

"அவனுக்கு இது புடிக்குமுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

"எனக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சேதான் ஒரு நாளும் ஆக்கிப் போடல."

இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னதும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், படத்தையும் பார்த்தார். பிறகு இலையை என் பக்கமாக அரை அடி நகர்த்தினார்.

"இப்ப ஆக்கிப்புட்டியில்ல ஆத்தா. வையி."

வைத்தேன். சட்டியில் ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை.